தனம் வாங்கி வந்த நூற்றேழு கையெழுத்துகள்

1. முதல் நாள்

சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒய்பி என் மேசையில் ஒரு வரைபடத்தையும் மூன்று வண்ணப் பேனாக்களையும் வைத்தார். ஒய்பி என்றால் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தெற்குக் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவருடைய அலுவலகம், அதுதான் சேவை மையம். கீழே டயர் கடை.

"அக்கா, போன தேர்தல்ல எந்த ஸ்கூல்ல நமக்கு எவ்ளோ விழுந்துச்சுன்னு இந்த பைல்ல இருக்கு. நல்லா விழுந்திருந்தா பச்சை. அப்படி இப்படின்னா மஞ்சள். விழலன்னா செவப்பு. கலர் அடிச்சுக் குடுங்க."

அதற்கு முன் போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் இருபது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். மலாயில் கடிதம் எழுத வரும், மூன்று மொழியில் பேச வரும். அதனால்தான் எடுத்தார்கள். வாக்குச்சாவடி வாரியாக முடிவு வெளியாகும் என்பதும், அதை வைத்து எந்தத் தெரு யார் பக்கம் என்று கண்டுபிடிக்கலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாலைக்குள் வரைபடம் முடிந்தது. பெரும்பாலும் பச்சையும் மஞ்சளும். ஓர் ஓரத்தில் மட்டும் அடர்த்தியாகச் சிவப்பு. அது நான்கு புளோக் மலிவு விலை ஃபிளாட்.

எங்கள் தொகுதி ஒரு காலத்தில் பாதிக்கு மேல் செம்பனைத் தோட்டம். தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதிகள் கட்டியபோது அங்கே வேலை செய்தவர்களுக்கு இந்த ஃபிளாட்டில் வீடு கிடைத்தது. வீடு வாங்கிக் கொடுத்தது அப்போது ஆட்சியில் இருந்த பழைய கட்சி. அந்த நன்றியில் அவர்கள் பழைய கட்சிக்கே போட்டார்கள். நெடுங்காலம் அந்தக் கட்சிதான் தொகுதியை வைத்திருந்தது. பிறகு காற்று மாறி, சொற்பப் பெரும்பான்மையில் எங்கள் கட்சி ஜெயித்தது. எல்லைக் கோடும் இரண்டு மூன்று முறை நகர்ந்தது. தொகுதியின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

இதையெல்லாம் வரிசையாக எழுதித் தரும்படி கட்சிக் கிளையில் கேட்டார்கள். ஆண்டு மலரில் போட வேண்டுமாம். யார் நின்றார், யார் ஜெயித்தார், எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தப் பட்டியலில் வராத ஒன்றை இங்கே எழுதுகிறேன். சேவை மையங்களில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக.

2. ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது

நான் சேர்ந்த சில வருடங்களில் மறுபடியும் எல்லை திருத்தம் வந்தது. தேர்தல் ஆணையம் உத்தேச வரைபடத்தை ஒரு மாதம் பொதுப் பார்வைக்கு வைத்தது. அதில் அந்த நான்கு புளோக்கும் எங்கள் தொகுதியிலிருந்து பிரிந்து பக்கத்துத் தொகுதிக்குப் போயிருந்தது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொகுதி அது. பதிலாக ஒரு புதிய தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, எங்களுக்கு வந்தது. பிடிக்காதவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆனால் தொகுதியின் வாக்காளர்கள் நூறு பேராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

கடைசி வாரத்தில் தனம் வந்தாள். தனபாக்கியம் முழுப்பெயர். ஃபிளாட் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவி. தமிழ்ப்பள்ளி கேன்டீனில் சமைப்பவள். கணவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டினார். குழாயில் தண்ணீர் இல்லை, மாடிப்படியில் லைட் இல்லை என்று வாரம் இரண்டு முறையாவது எங்கள் மாடி ஏறி வருவாள்.

அன்று ஒரு காக்கி உறையை மேசையில் வைத்தாள்.

"நூத்தியேழு அக்கா. நூறு போதும்னு சொன்னீங்க. யாராச்சும் பேரு லிஸ்ட்ல இல்லன்னு கழிச்சிட்டா? அதான் ஏழு சேத்து வாங்குனேன்."

"நீ ஒருத்தியேவா?"

"பின்ன? கேன்டீன் முடிஞ்சு வந்து ஒரு நாளைக்கு ஒரு மாடி. கால் வீங்கிப் போச்சு. மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாரும் போட்டாங்க. எங்களுக்கு இந்த ஆபீஸ் நடந்து வர்ற தூரம். அந்தப் பக்கம் போகணும்னா ஹைவே தாண்டணும் லா. கெழவங்க எப்படிப் போவாங்க? அனுப்பிடுவீங்கல்ல?"

"விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்."

பெயர், அடையாள அட்டையின் ஐசி எண், வீட்டு எண், கையெழுத்து. எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது. அன்றே எதிர்ப்புக் கடிதத்தை மலாயில் டைப் அடித்து முடித்தேன்.

3. "அப்புறம் பாத்துக்கலாம்"

மறுநாள் கடிதத்தை ஒய்பியிடம் காட்டினேன்.

"இது அனுப்பியே ஆகணுமா அக்கா?"

"நாளன்னிக்குக் கடைசி நாள், ஒய்பி."

அவர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். "இந்த நாலு புளோக் போனா நமக்கு நல்லதுதானே லா. பதிலா வர்ற தாமான் ஃபுல்லா நம்ம ஆளுங்க. நாமளே எதுக்குத் தடுக்கணும்?" பிறகு என்னைப் பார்த்தார். "நான் அனுப்பாதீங்கன்னு சொல்லல. கொஞ்சம் பொறுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் அனுப்பாதே என்று சொல்லவில்லை. உண்மை. அந்த வார்த்தைக்குப் பின்னால் நான் வெகுகாலம் ஒளிந்துகொண்டிருந்தேன். கடிதம் என் கையில் இருந்தது, கார் கீழே நின்றது. ஷா ஆலத்தில் உள்ள தேர்தல் ஆணைய அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க அரை மணி நேரம் போதும். என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை.

ஏன் போகவில்லை என்று பல முறை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். ஒய்பி என்னை நம்பி மனம் விட்டுப் பேசுகிறார் என்ற பெருமை கொஞ்சம். இன்னொன்றும் உண்டு. அந்த ஃபிளாட் போய்விட்டால் வாரத்துக்கு இரண்டு முறை தனம் வந்து நிற்க மாட்டாள் என்று எனக்குள் ஒரு நிம்மதி ஓடியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உறையைப் பீரோவில், பள்ளிச் சீருடை உதவிப் படிவங்களுக்கு அடியில் வைத்தேன். கடைசி நாள் கடந்து போயிற்று.

அடுத்த வாரம் தனம் வந்தாள். "அனுப்பியாச்சா அக்கா?"

"அனுப்பியாச்சும்மா."

எதிர்ப்புத் தெரிவித்தவர்களை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே பேச வேண்டியதைப் பள்ளி நோட்டில் மலாயில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, "நான் ஆறாங்கிளாஸ்தான் அக்கா. தப்பு இருந்தா திருத்திக் குடுங்க" என்றாள்.

சிவப்புப் பேனா எடுத்துத் திருத்தினேன். பீரோ என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஓர் இடத்தில் "இத இன்னும் கொஞ்சம் மரியாதையா எழுது" என்று புத்திமதியும் சொன்னேன்.

விசாரணை நடந்தது. அவளுக்கு அழைப்பு வரவில்லை. கேட்டபோது, "எல்லாரையும் கூப்பிட மாட்டாங்க தனம், செலக்ட் பண்ணித்தான் கூப்பிடுவாங்க" என்றேன். அதையும் நம்பினாள். புளோக் புளோக்காகப் போய் அதையே எல்லோரிடமும் சொன்னாள்.

4. வெள்ளம் வந்த வாரம்

புதிய எல்லையோடு நடந்த அடுத்த தேர்தலில் எங்கள் ஒய்பி நல்ல பெரும்பான்மையில் ஜெயித்தார். மாலை போட்டார்கள், நானும் கை தட்டினேன். அன்று காலை ஃபிளாட் ஜனங்கள் நெடுஞ்சாலை தாண்டி வேறொரு பள்ளியில் ஓட்டுப் போட்டார்கள். நடக்க முடியாத சிலர் போகவே இல்லையாம்.

அந்த வருடக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. ஃபிளாட்டின் கீழ் வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் மையத்தில் மெத்தை, அரிசி, பால் மாவு எல்லாம் வந்து குவிந்திருந்தது. தனம் நனைந்த சட்டையோடு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐசி எண்ணைக் கணினியில் அடித்தேன். பக்கத்துத் தொகுதி என்று வந்தது.

"தனம், நீங்க எங்க லிஸ்ட்ல இல்ல. உங்க ஒய்பி ஆபீஸ்லதான் கேக்கணும்."

"அது எங்கயோ இருக்கு அக்கா. போன் அடிச்சா எடுக்க மாட்றாங்க. ரோடு பூரா தண்ணி. எப்படிப் போறது?"

"சிஸ்டம் அப்படி. நான் என்ன செய்ய?"

ஒரு கைப்பிள்ளைக்காரி அழுதாள். தனம் அவளிடம், "அக்காவ ஒண்ணும் சொல்லாத. அவங்க நமக்காக எழுதிப் போட்டவங்க" என்றாள். நான் உள்ளே போய்க் கணக்கில் வராத நாலு மெத்தையை எடுத்துக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

5. சங்கக் கூட்டம்

வெள்ளம் வடிந்த பிறகு சங்கக் கூட்டம் போட்டார்கள். தனம் என்னையும் அழைத்திருந்தாள். மறுத்தால் சந்தேகம் வரும் என்று போனேன். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

பி புளோக் பெருமாள் எழுந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தனம், எங்ககிட்ட கையெழுத்து வாங்கினியே, அத யாருகிட்ட குடுத்த? நான் நேரா தேர்தல் ஆபீஸுக்கே போயி விசாரிச்சேன். இந்த ஃபிளாட்லேர்ந்து எதிர்ப்பே வரலன்னு சொல்றாங்க."

"கோமதி அக்கா கையில குடுத்தேன். அவங்க அனுப்பிட்டாங்க."

"வரலங்கிறாங்களே?"

"அக்கா பொய் சொல்ற ஆளு இல்ல. இதோ உக்காந்திருக்காங்க, கேட்டுக்குங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. எழுந்து நின்றேன். "அனுப்பினேன். எங்கயாச்சும் மிஸ் ஆயிருக்கும்" என்றேன்.

பெருமாள் தலையை ஆட்டினார். "அக்காவுக்கு நல்ல மனசு. உன்னக் காப்பாத்தப் பாக்கிறாங்க. நீ குடுக்கவே இல்ல, அதான் நடந்தது."

கூட்டத்தில் பலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். தனம் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே பார்த்தேன். அன்றே தலைவி பதவியை எடுத்துக்கொண்டார்கள்.

6. கதவு கதவாக

அதன் பிறகும் நான் உடனே போகவில்லை. ஒரு வருடம் கழித்து, ஓய்வு பெற்று, பிரியாவிடை விருந்து சாப்பிட்டு, பறிகொடுக்க ஒன்றும் இல்லாதபோதுதான் போனேன். மேசையைக் காலி செய்த அன்று அந்த உறையையும் எடுத்து வந்திருந்தேன்.

தனம் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"தெரியும்க்கா. அந்தக் கூட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

மன்னித்துவிடு என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? நான் ஒருத்தியா கையெழுத்துப் போட்டேன்? நூத்தியேழு பேரு. பேரு, வீட்டு நம்பரு எல்லாம் உங்க கையிலதானே இருக்கு. போயி சொல்லுங்க."

கதவைச் சாத்திவிட்டாள்.

போனேன். எனக்கு அப்போது அறுபது வயது, முட்டிவலி வேறு. ஐந்தாறு சனி ஞாயிறு ஆயிற்று. சிலர் வீடு மாறிப் போயிருந்தார்கள். சிலர் விஷயத்தைக் கேட்டதும் கதவை மூடினார்கள். சி புளோக்கில் ஒரு மலாய் அம்மா உட்கார வைத்துச் சிராப் பானம் கொடுத்து, கடைசி வரை கேட்டு, பரவாயில்லை என்று மலாயில் சொன்னார். ஆனால் நான் கிளம்பும்போது அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்டவர் இறந்துவிட்டிருந்தார். அவர் மனைவி, "அவரு கையெழுத்தக் கொஞ்சம் காட்டும்மா" என்று கேட்டு, அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்ட அவருக்குத் தோன்றவே இல்லை.

பெருமாள் வீட்டில்தான் சத்தம். "ஒரு பொம்பளய எல்லாருமாச் சேந்து நாறடிச்சோமே, ஒங்களால!" என்று கத்தினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தனத்தின் வீட்டுக்கு இறங்கிப் போனார். மறுபடியும் தலைவியாக வா என்று அழைத்தார்களாம். "எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டாளாம். அதன் பிறகு அந்த ஃபிளாட்டில் யாரும் யாருக்காகவும் கையெழுத்து வாங்கப் போனதாகக் கேள்விப்படவில்லை.

அந்த நான்கு புளோக்கும் இன்றும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துத் தொகுதியில்தான் இருக்கிறது. என் கடிதம் போயிருந்தால் கோடு மாறியிருக்குமா, தெரியாது. மாறாமலும் போயிருக்கலாம். ஆனால் தனம் அந்த இரண்டு பக்கத்தையும் நாலு பேர் முன்னால் வாசித்திருப்பாள்.

சேவை மையத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். யாராவது ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், அவர்கள் கண்ணெதிரிலேயே பெற்றுக்கொண்ட முத்திரையைக் குத்துங்கள். தேதி போடுங்கள். அனுப்பிய பிறகு, அங்கே வாங்கிக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை அவர்கள் கையில் கொடுங்கள். "அக்காவ நம்புறேன், எதுக்கு அதெல்லாம்" என்று அவர்கள் சொல்வார்கள். அப்போதும் கொடுங்கள். உங்களை நம்பி வருகிறவர்களுக்கு உங்களிடமிருந்தும் ஒரு பாதுகாப்பு வேண்டும். நான் அதைத் தனத்துக்குக் கொடுக்கவில்லை.