முகம் இல்லாத படம்

என் அப்பா வல்லிபுரம், தான் பெற்ற பிள்ளைகளையும் வாவியில் பிடித்த இறால்களையும் ஒரே மாதிரித்தான் படம் எடுத்தார். பக்கத்தில் ஆறங்குல அடிமட்டம் ஒன்று கட்டாயம் இருக்கும். அளவு தெரியாத படம் வெறும் அலங்காரம் என்பது அவருடைய கட்சி. வாவித் தண்ணீரின் உப்பையும் இறால் குஞ்சுகளையும் ஆராய்ந்த அரசாங்க விஞ்ஞானி அவர். தேற்றாத்தீவில் எல்லாரும் அவரை ‘இறால் டொக்டர்’ என்று நக்கலடிப்பார்கள். பாவம், அதை அவர் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டு அல்பத்தின் ஒரு பக்கத்தில் நான் மூன்று நாள் குழந்தை. காலடியில் அடிமட்டம் கிடக்கிறது. படத்தின் பின்புறம் ஆங்கிலத்தில் திகதி, ஆள் யார், வயது, நீளம். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் எழுதிவைப்பார்.

அண்ணா தவநேசனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, நண்டு கடித்து வலது கைச் சுண்டுவிரலின் நுனி போய்விட்டது. இரத்தம் ஒழுக ஓடிவந்தவனிடம் அப்பா சொன்னது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

“கொஞ்சம் பொறு மனே, அடிமட்டத்த எடுத்திட்டு வாறன்.”

படம் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அம்மா சீதேவிப்பிள்ளை அன்று போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது. அப்பா அசையவில்லை. கையும் காயமும் அடிமட்டமும் மட்டும் தெரிகிற அந்தப் படத்தையும் அல்பத்தில் செருகிவைத்தார்.

எண்பத்தேழில் அண்ணா இயக்கத்துக்குப் போனான். தொண்ணூறில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அப்பாவைக் கொண்டுபோனார்கள். அவருடைய பையில் வாவியின் எந்த இடத்தில் எத்தனை அடி ஆழம் என்று எழுதிய கொப்பி இருந்தது. யாருக்காக அளந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இறாலுக்காக என்றால் யார் நம்புவார்கள்?

பன்னிரண்டாம் நாள்தான் முகாமுக்குள் எங்களை விட்டார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது, மரியாதையாகவும் பேசினார். இந்த ஆள் விஞ்ஞானி என்பதற்கு அத்தாட்சி கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு விடுகிறேன் என்றார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். இவள் ஒருத்திதான் என்று அம்மா என் தலையில் கைவைத்துச் சொன்னார்.

இறாலும் மீனும் அடிமட்டமுமாக இருந்த அந்த அல்பத்தைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அண்ணாவும் நின்றான். அப்பாவின் சவர பிளேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பதினைந்து வயது. அம்மா அழுதபடி பக்கம் புரட்ட, அண்ணாவை வெட்டி வெட்டிப் பால்மா டின்னுக்குள் போட்டேன். மொத்தம் பதினேழு துண்டுகள்.

அப்பாவின் முகம் உள்ள படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டவுணில் ஸ்டூடியோ வைத்திருந்த றூபெர்ட் எடுத்தது. தோணிக்கு முன்னால் அப்பாவும் அண்ணாவும் நிற்கிறார்கள். அடிமட்டம் பிடித்த அப்பாவின் கை அண்ணாவின் நெஞ்சில். அண்ணாவின் கை அப்பாவின் முதுகுப்பக்கமாக வந்து மற்றத் தோளில். அண்ணாவை வெட்டியபோது அப்பாவின் அந்தக் கையும் அவனோடு போனது. தோளில் நுனியில்லாத சுண்டுவிரலோடு கிடந்த நான்கு விரல்களை வெட்டப் போனால் அப்பா கிழிந்துபோவார். விட்டுவிட்டேன். நண்டு கடித்த படத்தில் முகமே இல்லை. அதைத் தொடவேயில்லை.

அதிகாரி அல்பத்தை ரசித்துப் பார்த்தார். இறால் படங்களைக் கண்டு சிரித்தார். வெட்டிய இடங்களைப் பார்த்தபோது, கறையான் அரித்ததை வெட்டிவிட்டோம் என்று அம்மா சொன்னார். அவர் தலையாட்டினார். அப்பா இன்றைக்கு எங்களோடு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அப்போது தோணிப் படம் வந்தது.

“தோளில இருக்கிறது யாரின்ட கை?”

“என்ட கை ஐயா,” என்றார் அம்மா.

கையை மேசையில் வைக்கச் சொன்னார். அம்மா வைத்தார். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. அதிகாரி பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, நண்டு கடித்த படத்தைக் கண்டுபிடித்தார். அதை உருவி எடுத்துத் திருப்பினார். அப்பாவின் அழகான ஆங்கிலக் கையெழுத்தைச் சத்தமாக வாசித்தார்: மூத்த மகன், வயது பதின்மூன்று, வலது கை.

பிறகு அல்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எங்களைப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு அப்பாவையும் காணவில்லை, அல்பத்தையும் காணவில்லை.

அடுத்த வருஷம்தான் மற்றச் செய்தி வந்தது. நான் அண்ணாவை வெட்டிக்கொண்டிருந்ததற்கு ஆறு மாதம் முன்பே அவன் மாங்கேணிப் பக்கம் செத்துப்போயிருந்தான். செத்தவனை மறைக்கப் போய் உயிரோடிருந்தவரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

“முகத்தயெல்லாம் பாத்துப் பாத்து வெட்டின நீ, விரல ஏன் புள்ள விட்டாய்?” என்று அம்மா சாகும்வரை கேட்டார். பின்னால் எழுதிவைத்த மனுசனை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் இருக்கிறது. என் மேல் இருப்பது அதைவிடக் கூட.

தொண்ணூற்றைந்தில், காணாமல் போனவர்களின் விபரம் எழுத ஊருக்கு ஆட்கள் வந்தார்கள். ஆளின் படம் வேண்டும் என்றார்கள். பால்மா டின்னைத் திறந்தேன். அப்பாவில் மிஞ்சியிருந்தது அண்ணாவின் நெஞ்சில் கிடந்த அந்தக் கை மட்டும்தான். பிளேட்டை எடுத்து அதை அண்ணாவிடமிருந்து வெட்டி எடுத்தேன். படிவம் நிரப்பிய பெண் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டாள்.

“முகம் இல்லாத படத்த வச்சு ஆளத் தேட ஏலாது தங்கச்சி.”

ஏலும் என்று அந்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து, படத்திலிருந்த அடிமட்டத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். அப்பாவின் நடுவிரல் மூன்றேகால் அங்குலம். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.