கூரையில்லாத கோயிலில் ஒரு கல்யாணம்

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற வாக்கியத்தைத் தென்காசியில் எங்கள் சபைக் கமிட்டியில் கேட்ட அளவுக்கு வேறெங்கும் நான் கேட்டதில்லை. அதன் பொருள் எனக்குப் புரியக் கொஞ்சகாலம் பிடித்தது. பகலில் நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அங்கே இதே பொருளில் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதுவோம். இரண்டுக்கும் விளக்கம் ஒன்றுதான்: நான் செய்யப்போவதில்லை, நீரும் இதற்குமேல் கேட்க வேண்டாம். ஒரே வித்தியாசம், கச்சேரியில் கீழே யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும். கமிட்டியில் அந்தப் பொறுப்பும் பரலோகத்துக்கே போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அந்தக் கமிட்டிக்கு நான் செயலாளராக இருந்தேன். விதிமுறை தெரிந்தவன் என்று பதவியைக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு அதே காரணத்துக்காக என்னை வெறுத்தார்கள்.

எங்கள் கோயிலின் கூரைச் சட்டங்களைக் கறையான் அரித்திருந்தது. ஓடு மாற்றுவது என்று மாசியில் தீர்மானித்தோம். பங்குனி முழுவதும் எந்த ஊர் ஓடு என்று விவாதம். சித்திரையில் எந்தத் தச்சர் என்று சண்டை. வைகாசிக் கடைசியில் ஒருவழியாகச் சமாதானம் ஏற்பட்டது. அந்த உற்சாகத்தில் பழைய கூரையை ஒரே நாளில் பிரித்து இறக்கிவிட்டார்கள். புது ஓடு இன்னும் ஊர் வந்து சேரவில்லை. ஆனி பிறந்தால் சாரல் என்பது தென்காசியில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

"ஓடு வருமுன்னே சாரல் வந்துட்டா?" என்று கேட்டேன்.

கமிட்டியின் மூத்தவர் சிற்றாற்றுப் பாசனத்தில் வயல் உள்ளவர். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார்: "கர்த்தர் பாத்துக்கிடுவாரு அண்ணாச்சி."

கூரை போன முதல் ஞாயிறு மழை இல்லை. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஐயர் அன்று, ஆகாயத்துப் பறவைகளுக்கும் கடவுள் தங்குமிடம் கொடுப்பதைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கித்தார். கூரைக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, எங்கள் தீர்மானத்தால் வீடிழந்த குருவிகள், மொட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து அதைக் கேட்டன.

கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனி பிறந்ததும் சாரலை அனுப்பினார்.

இதெல்லாம் வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும், நடுவில் ஒரு கல்யாணம் இல்லாதிருந்தால். மணப்பெண் எங்கள் சபையின் பெண்பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தகப்பனார் இல்லை. முப்பது தாண்டியவர். அந்தக் காலத்தில் முப்பது தாண்டிய கன்னியைக் கோயிலின் தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்துவிடுவார்கள்: பண்டிகைக்குப் பூச் சோடிக்க, மற்ற பெண்களின் கல்யாணத்தில் பாட்டுப் பாட. இரண்டு சம்பந்தம் வந்து கலைந்திருந்தது. ஒன்று நகையில், ஒன்று நிறத்தில். மூன்றாவதாக ஆலங்குளத்திலிருந்து ஒரு கம்பவுண்டர் வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்த வந்த இடத்தில் அவரே பார்த்து, அவரே கேட்டது. தங்கமான மனிதர். வாய் மட்டும் கிடையாது. அவருக்காகப் பேச அவரை வளர்த்த தாய்மாமன் இருந்தார். அந்த மாமாவுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள் என்பதைச் சொல்லிவிட்டால், மிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையில் கேட்பது வழக்கம். யாரும் வாய் திறக்கவில்லை. ஆட்சேபணை உள்ள ஒரே மனிதர் ஆலங்குளத்தில் இருந்தார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னதாகவே மாமா வந்து மேலகரத்தில் உறவினர் வீட்டில் தங்கினார். காலையும் மாலையும் வண்டி பூட்டிக் குற்றாலம் போய் அருவியில் குளித்தார். மணமகன் எண்ணெய்ப் புட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு கூடப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐயர் வீட்டு வராந்தாவில் கமிட்டி கூடியது. மாமா அருவியிலிருந்து நேரே வந்தார். தலையில் ஈரம் காயவில்லை. பின்னால் மருமகன், கையில் மாமாவின் ஈரத்துண்டு.

"வானம் பாத்த கோயில்ல தாலி கட்டுனா குடும்பத்துக்கு ஆகுமா ஐயரே?" என்று ஆரம்பித்தார் மாமா.

"நாம சகுனம் பாக்கறவங்க இல்லையே" என்றார் ஐயர்.

"சகுனம் யாரு பாத்தா? ஒரு முறை இருக்குல்லா? புதுத்துணி நனைஞ்சு, பொண்ணு நனைஞ்சு, அது என்ன கல்யாணம்? கூரை போட்ட பெறவு ஆவணியில வச்சுக்கிடுவோம்."

"ஆவணி எதுக்கு? ஆடியிலேயே ஓடு போட்டு முடிஞ்சிரும். ஆடியில வைப்போமே" என்றேன், வேண்டுமென்றே.

"ஆடியிலயா? என்ன அண்ணாச்சி, படிச்சவிய பேசுத பேச்சா இது?"

ஆடியில் கல்யாணம் கூடாது என்று எங்கள் வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் எங்கள் சபையில் ஆடிக் கல்யாணம் ஒன்றுகூட நடந்ததில்லை. சகுனம் பார்க்காதவர்கள் ஆடியை மட்டும் மிகக் கவனமாகப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் நடத்தலாம் என்றார் மூத்தவர். அதில் பாதி பழைய கூரைமரம், மீதி கல்யாணச் சமையல். "அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவுலயா?" என்று மாமா கேட்டதில் எனக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சட்டத்தை எடுத்தேன். விவாகச் சட்டத்தில் நேரம் உண்டு, சாட்சி உண்டு, ஆராதனை நடக்கும் கோயில் உண்டு. கூரை என்ற பேச்சே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓலை வாசித்ததற்கும் ஓர் ஆயுசு உண்டு, ஆவணிக்குத் தள்ளினால் காலாவதியாகி மறுபடி வாசிக்க வேண்டிவரும் என்றும் சேர்த்தேன். மாமாவின் முகம் மலர்ந்தது.

"அதுக்கென்ன, மறுபடி வாசிப்போமே!"

எதிர்க்கட்சிக்கு இவ்வளவு உதவியான குமாஸ்தாவை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"ஜெபிப்போம். கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார் மூத்தவர்.

எல்லாரும் கண்ணை மூடினோம். நாளைக் காலையில் மட்டும் மழையை நிறுத்தும்படி ஐயர் மன்றாடினார். முடிவில் வந்த ஆமென் மிகவும் மெலிந்திருந்தது. கார் நெல் நடவு நடந்துகொண்டிருந்த நேரம். வயல் உள்ளவர்கள் யாரும் ஆமென் சொல்லவில்லை, இருமினார்கள். மழையை நிறுத்தச் சொல்லும் ஜெபத்தில் தங்கள் பெயரும் சேர்ந்துவிடக் கூடாது என்று மூத்தவர் வாயைத் துண்டால் பொத்தியே வைத்திருந்தார்.

கண்ணைத் திறந்தபோது வராந்தாப் படியில் மணப்பெண் குடையோடு நின்றார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வெளியே வரக்கூடாது என்பதும் எந்த வேதத்திலும் இல்லை. ஆனாலும் எல்லாரும் எழுந்துவிட்டோம்.

"மாமா, இன்னைக்கு அருவியில தண்ணி எப்படி விழுது?" என்று கேட்டார்.

மாமா தான் வந்த காரியத்தை மறந்தார். "ஏன் கேக்க தாயி! பெரிய அருவி சும்மா கொட்டுது. தலையில விழுதது சம்மட்டி கொண்டு அடிச்ச மாதிரில்லா இருக்கு."

"சளி, தடுமம் எதுவும் பிடிக்கலையா?"

"தடுமமா? குத்தாலத் தண்ணி மருந்துல்லா! எங்கன எங்கன இருந்தெல்லாம் நனையதுக்குன்னே வாரான்."

"அந்த மழைதானே மாமா இங்கனயும் பெய்யுது? அங்கன மருந்து, இங்கன மட்டும் ஆகாதோ?"

வயல்காரர்களுக்கு மறுபடி இருமல் வந்தது. இந்த முறை அது சிரிப்பு.

"பொட்டப்புள்ள பேசுத பேச்சா இது? ஏலே, கேட்டியாலே?" என்று மாமா மருமகன் பக்கம் திரும்பினார்.

மணப்பெண்ணும் அதே பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நாளைக்குக் காலையில நான் கோயில்ல நனைஞ்சுக்கிட்டு நிப்பேன். நீங்க வருவியளா?"

கடைசிச் சொல்லில் மட்டும் குரல் கொஞ்சம் பிசகியது. மூன்றாவதும் கலைந்தால் நாலாவது வராது என்பது அவருக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

கம்பவுண்டர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு மணப்பெண்ணைப் பார்த்தார்.

"நனையதுல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "வாரேன்."

அவர் குரலைக் கமிட்டி கேட்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் மழை நிற்கவில்லை. வெயிலும் இருந்தது, சாரலும் இருந்தது. மாவு சலிப்பதுபோலக் கோயிலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஐயரின் வெள்ளை அங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆர்மோனியத்துக்குச் சொந்தக்காரர் கடவுளின் துதியைவிட ஆர்மோனியத்தை அதிகம் நேசித்ததால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டார். கருவி இல்லாமல் பாடினோம், வழக்கத்தைவிட ஸ்ருதி சேர்ந்திருந்தது. பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. அந்த ஒன்றுக்காகவே சபை அந்தச் சாரலுக்குத் தனியாக ஸ்தோத்திரம் செலுத்தியிருக்கலாம். குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் சாலையில் நின்றன. நனைய வந்தவர்கள் சுவருக்கு மேலாக எட்டி, நனைகிறவர்களைப் பார்த்தார்கள்.

குடை பிடித்திருந்தவர் மாமா மட்டும்தான். மற்றவர்கள் மணப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தங்கள் குடைகளை மடக்கியிருந்தார்கள். தாலி நூல் ஈரத்தில் ஊறி முடிச்சுக்கு வளைய மறுத்தது. கம்பவுண்டரின் விரல் தடுமாறத் தடுமாற, மாமா கடைசி நம்பிக்கையோடு எட்டிப் பார்த்தார். ஆனால் கட்டுப் போடுவது அந்த மனிதரின் தொழில்.

கடவுளின் பராமரிப்பைப் பற்றி அதற்குப் பிறகும் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். பெரும்பாலும் அவரை ஒரு கூரைக் காண்டிராக்டராக நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள், ஒழுகினால் கூப்பிடுகிறார்கள். அன்று அவர் கூரையும் தரவில்லை, மழையையும் நிறுத்தவில்லை. பேசத் தெரிந்த ஒருத்திக்காக, பேசத் தெரியாத ஒருவனை வாய் திறக்க வைத்தார். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற கமிட்டியின் பதினோராம் கட்டளைக்கு இது ஒத்துவராதுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் ஐயர், கர்த்தர் அன்று நல்ல வானிலை அருளினார் என்று எழுதச் சொன்னார். மறுத்துவிட்டேன். மழை பெய்தது, கல்யாணம் நடந்தது என்று எழுதினேன். அதில் கர்த்தரைப் பற்றிய சாட்சி இல்லை என்று அவருக்கு வருத்தம்.

கல்யாணச் சாப்பாடு பள்ளிக்கூடக் கொட்டகையில், கூரைமரங்களுக்கு நடுவே நடந்தது. மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

"இந்த வருசம் சாரல் நல்லா விழுது அண்ணாச்சி" என்றார்.

கை கழுவியதும் வண்டியைப் பூட்டச் சொன்னார். அருவிக்கு நேரமாகிவிட்டது. துண்டைத் தேடினார், மருமகனைக் கூப்பிட்டார். கொட்டகையின் மறுகோடியில் மருமகன் தன் மனைவிக்கு ஈரத் தலையைத் துவட்ட ஒரு துண்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அங்கேயே நின்றார்.

மாமா தனியாக வண்டி ஏறினார், தலை துவட்டத் துண்டில்லாமல்.