முப்பது கிலோவில் என் பங்கு

காலை ஆறரை மணி, பதினொரு பொட்டலங்கள், முதலில் வந்தவர் ஸ்டெல்லா அக்கா. 2007-இல் லீவு முடிந்து சவுதியின் தம்மாமுக்குத் திரும்பும் நாள், இரணியலில் எனக்கு அப்படித்தான் விடிந்தது. அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் நான் டைம் கீப்பர்; யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள் என்று எழுதுவது தொழில். ஊரிலிருந்து திரும்பும்போது மட்டும் சுமட்டுக்காரன். தொழிலாளர் முகாமில் இருக்கும் அத்தனை பேர் வீட்டுத் தின்பண்டங்களையும் சுமந்து பழகியவர்களுக்கு இதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அரிசிக்கடைத் தராசு

விமானத்தில் முப்பது கிலோதான் ஏற்றுவார்கள். பக்கத்து அரிசிக்கடைத் தராசில் என் அட்டைப்பெட்டி முப்பத்தெட்டு காட்டியது. நேந்திரன் ஏத்தங்காய் சிப்ஸ், மரச்சீனிக்கிழங்கு வற்றல், அச்சுமுறுக்கு எல்லாம் யார் யாருக்கோ. எதையாவது குறைக்கலாமா என்று ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். அவர் தம்பி எங்கள் முகாமில் வெல்டர். அக்கா பெட்டிக்குள் கைவிட்டு என் சட்டைகளை எடுத்து நாற்காலியில் போட்டார்.

“அங்க கம்பெனியில உடுப்பு தருவான்லா? பிறகு உனக்கு எதுக்கு இத்தன சட்ட?”

நெத்திலி

ஆன்றனி என் அறைத்தோழன். அவன் அம்மா மண்டைக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, நெத்திலிக் கருவாட்டை வறுத்து எடுத்து வந்தார். ஐந்து பாலித்தீன் பையில் சுற்றியும் வாசம் நிற்கவில்லை. மற்றவர்கள் பலகாரமெல்லாம் நாறிப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நாறட்டும் மக்கா. பெட்டியத் திறக்கதுக்கு முன்னாடியே எனக்க பிள்ளைக்குத் தெரியணும்.”

திரும்பிப் போன டப்பா

என் துணிமணியெல்லாம் வெளியே போய் அரிசிக்கடையில் சரியாக முப்பது காட்டிய பெட்டி, திருவனந்தபுரம் விமான நிலையக் கவுண்டரில் முப்பத்திரண்டரை. அரிசிக்கடைத் தராசை நம்பியது என் குற்றம். இரண்டரை கிலோவை இறக்கச் சொன்னார்கள். நெத்திலியை இறக்கினால் ஆன்றனியோடு ஒரே அறையில் இரண்டு வருடம் படுக்க வேண்டும். வெல்டரின் சிப்ஸை இறக்கினால் ஸ்டெல்லா அக்கா முகத்தில் விழிக்க முடியாது. மிஞ்சியது என் மனைவி லீலா எனக்கென்று செய்த முந்திரிக்கொத்து. சிறுபயறு வறுத்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, இரண்டு நாள் அடுப்படியில் நின்று செய்தது. வழியனுப்ப வந்த மைத்துனன் கையில் டப்பாவைக் கொடுத்தனுப்பினேன்.

2009-லும் இதேதான் நடந்தது. தம்மாம் போய்ச் சேர்ந்து போன் செய்தபோது லீலா சத்தம் போடவில்லை.

“ஊரு உலகத்துக்கெல்லாம் இடம் இருந்துது. எனக்க டப்பாவுக்குத்தான் இல்ல. இனி நான் ஒண்ணும் செய்யல.”

பதினாலாம் நம்பர் அறை

2011-இல் சொன்னபடியே அவள் எதுவும் செய்யவில்லை. குறைந்தபட்சம் என் கண் முன்னால் செய்யவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. பெட்டியில் துணி வைத்துத் தைத்த பொட்டலம் ஒன்று இருந்தது. மேலே ‘ஆன்றனி, ரூம் 14’; அவன் அம்மா கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் வழக்கம்போல் எடை கூடியது. என் ஷூவையும் போர்வையையும் இறக்கினேன், பொட்டலத்தைத் தொடவில்லை.

அறையில் ஆன்றனி தையலைப் பிரித்தான். உள்ளே எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பா, நிறைய முந்திரிக்கொத்து. மூடியில் லீலாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘அண்ணே, அவங்களுக்கும் ரெண்டு குடுங்க.’ உடனே போன் போட்டேன். “அடுத்தவன் சாமான்னா நீங்க இறக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றாள். இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

போனை வைத்துவிட்டு மூன்றாவதை எடுக்கப் போனேன். ஆன்றனி டப்பாவை மூடினான்.

“மக்கா, உனக்கு ரெண்டுன்னுதான் எழுதியிருக்கு.”

2013 டிசம்பரில் மறுபடி புறப்பட்டபோது என் பெட்டியில் ஆன்றனி பெயருக்கு லீலா தைத்த இரண்டு பொட்டலங்கள் இருந்தன, என் பெயருக்கு ஒன்றும் இல்லை.