லயத்து வாசலில் இரண்டு நிமிடம்

இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கம் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். வழி சொல்கிறேன். கூடவே, நான் முதன்முறை அங்கே கேமராவோடு போன கதையையும் சொல்லிவிடுகிறேன். இனிக்கிற கதை என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கண்டியில் ஒரு புகைப்பட வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கேமரா வாங்க வக்கில்லாத என் போன்றவர்களுக்கு ஆசிரியர் பிஸ்கட் டின்னில் கேமரா செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார். உள்ளே கறுப்புச் சாயம், முன்னால் ஒரு ஊசித்துளை, பின்னால் ஒரு போட்டோத் தாள், அவ்வளவுதான். துளையை மூடிய நாடாவை உரித்துவிட்டு, மப்பான நாளென்றால் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதுவரை எதிரே நிற்பவர்கள் அசையக் கூடாது. ஒரு டின்னுக்கு ஒரே படம். அடுத்த தாளை இருட்டறையில்தான் போட முடியும்.

அந்த நேரத்தில்தான் அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போவதாகச் சேதி வந்தது. மச்சானிடம் இந்தியப் பாஸ்போர்ட். இங்கே தங்கும் அனுமதி முடிந்துவிட்டது, கிளம்பு என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அக்கா ராகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவள். இந்தியாவைக் காலண்டர் படத்தில்தான் பார்த்திருந்தாள். போவதற்கு முன், லயம் என்கிற கூலிக்கார வரிசை வீட்டில் தன் வாசலில் குடும்பத்தோடு நிற்கிற ஒரு படம் வேண்டும் என்றாள். தோட்டத்துக்குள் வர ஸ்டூடியோக்காரர் மறுத்துவிட்டார். மிச்சம் நானும் என் டின்னும்.

கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் நான்கு மணி நேரம். அங்கிருந்து நுவரெலியா ஐந்து மைல். ராகலை பஸ் அதற்கப்பால் பன்னிரண்டு மைல் சொச்சம் வளைந்து வளைந்து போகும். காலடியில் முட்டைக்கோஸ் மூட்டை, மடியில் டின்.

“என்னங்க, எங்களுக்கெல்லாம் பிஸ்கட்டு இல்லீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இது கேமராங்க.”

“அப்ப என் தலையில இருக்கிறது ரேடியோங்க!”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அதோடு சரி.

மறுநாள் ஞாயிறு. அதற்கடுத்த நாள் அவர்கள் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குக் கிளம்ப வேண்டும். அக்கா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். மச்சான் புதுத் தலைப்பாகை கட்டி, கைக்குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“லயத்தப் படம் புடிச்சு என்னத்துக்கு?” என்று அவளைச் சீண்டினார்.

“அங்க யாராச்சும் உன் வீடு எதுன்னு கேட்டா காட்டணுமில்ல?” என்றாள் அக்கா.

வாசலுக்கும் எனக்கும் நடுவே பாதை. டின்னைத் தண்ணீர்ப் பீப்பாய் மேல் வைத்து நாடாவை உரித்தேன். பத்து எண்ணுவதற்குள் பாதை வளைவில் நாயோடு தொரை வந்துவிட்டார். தோட்டத்தை ஆள்கிற வெள்ளைக்காரர். ஞாயிற்றுக்கிழமை உலாவக் கிளம்பியிருந்தார்.

தொரை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது லயத்தில் நடக்கப் பழகும்போதே பழகிவிடும். மச்சானின் தலைப்பாகை கைக்கு வந்துவிட்டது. அக்கா குழந்தையைப் பறித்துக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற கான் ஓரம் இறங்கிவிட்டாள். “அசையாதீங்க!” என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அவர்கள் நின்ற இடத்துக்கு நேராக வந்து நின்றார் தொரை. கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் டின்னையே பார்த்தார். நாய் காலடியில் படுத்துக்கொண்டது.

“நீ யாரு? என்னா அது?”

“படம் எடுக்கிறேங்க தொரை. அக்கா நாளைக்கு ஊருக்குப் போறாங்க.”

“கேக்காம தோட்டத்துல படம் புடிக்கக் கூடாது. மூடு.”

நான் நாடாவை ஒட்டி, டின்னைக் கையில் எடுக்கும்வரை அவர் நகரவில்லை. அவர் போனதும் அக்கா ஓடி வந்தாள்.

“வந்திருக்குமா தம்பி?”

“கழுவிப் பாத்தாத்தான் தெரியும்க்கா.”

கண்டி இருட்டறையில் கழுவிப் பார்த்தேன். லயம் இருந்தது. வாசல் இருந்தது. நடுவில் தொரை, மீசை வரைக்கும் தெளிவாக. அவர் காலடியில் படுத்திருந்த நாயும் தெளிவாக. ஓரத்தில் புகை மாதிரி ஒரு தீற்றல். அதில் எது அக்கா, எது மச்சான் என்று எனக்கே தெரியவில்லை.

ஆசிரியருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அசைவை இப்படிப் பிடித்தவன் வகுப்பிலேயே நான்தானாம். சோதனை முயற்சிக்கு நல்ல உதாரணம் என்று பலகையில் குத்தி வைத்தார். பார்த்த எல்லோரும் நடுவில் நிற்பவர் யார் என்று கேட்டார்கள். ஓரத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பலகையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

இனி வழி. நானுஓயா ரயிலுக்கு முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள். நுவரெலியாவிலிருந்து ராகலைக்கு பஸ் உண்டு. மழைச்சட்டை கட்டாயம். லயத்தில் படம் எடுத்தால் அங்கே இருப்பவர்கள் பெயரைக் கேளுங்கள், எடுத்ததை அங்கேயே காட்டுங்கள், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள்.

அக்காவை எடுத்த ஒரே நல்ல படம் பாஸ்போர்ட்டில் இருந்தது. அது அவளோடு போய்விட்டது. அங்கிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் எழுதுவாள், படம் என்னாச்சு தம்பி என்று. அவள் வீட்டு வாசலில் தொரையும் நாயும் மட்டும் இருக்கிற படத்தை அவளுக்கு எப்படி அனுப்புவேன்?