பாண்டிச்சேரியில மேகி தின்ன கதை

இன்னைக்குக் காலையில எங்க ஊரு அசாம் ஜாவாவுல, பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடுற கடையில நானும் வீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்தோம். எங்க பழைய எஸ்டேட் லயத்து வீட்டுல பக்கத்துல இருந்த சரசு புருசனோட வந்து பக்கத்து மேசையில உட்கார்ந்துச்சு. மூணு நாள் பாண்டிச்சேரி போயிட்டு வந்த மிதப்பு.

"அங்க கடலே வேறலா அண்ணே. நம்ம பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில வெறும் சேறு."

"அடை மழைக் காலமாச்சே, கடல்ல காலை நனைச்சியா?"

"ரூம் ஜன்னல்லயே நல்லாத் தெரிஞ்சுது அண்ணே."

"சாப்பாடு?"

அது வாயைத் திறக்குறதுக்குள்ள புருசன் முந்திக்கிட்டாரு. "அந்தச் சாப்பாடு வயித்துக்கு ஆகாதுன்னு இங்கேருந்தே ஒரு பெட்டி மேகி கட்டிக்கிட்டா அண்ணே. ஹோட்டல் கெட்டில்ல சுடுதண்ணி வெச்சு மூணு வேளையும் அதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கல. "பிளேன் ஏறிப் போயி மேகி தின்னியா? என் வீட்டுக்கு வந்திருந்தா முட்டையும் உடைச்சு ஊத்தியிருப்பேனே!"

கடையே சிரிச்சுச்சு. என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கல.

"மேகியோ மண்ணோ, அந்த மனுசன் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போனாரு. கட்டி இருவத்தாறு வருசமாச்சு. பக்கத்துல கோலசிலாங்கூர்ல இருக்கிற மின்மினிப்பூச்சிய நீங்க எனக்குக் காட்டினீங்களா?"

கடை இன்னும் பலமா சிரிச்சுச்சு. சரசுதான் ரொம்ப.

ரோசத்துல நாமளும் பாண்டிச்சேரி போவோம்னு சொல்லிட்டு, இப்ப அலமாரியக் குடைஞ்சு பாஸ்போர்ட்டை எடுத்துட்டேன். அதுல என் மீசை கன்னங்கரேல்னு இருக்கு. இதைக் காட்டினா ஏர்போர்ட்ல என்னைய நான்தான்னு நம்புவாங்களா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்கலா, அவ பெட்டி அடுக்க ஆரம்பிச்சுட்டா.