நசியாத நாலு தேசிக்காய்கள்

கார் பறக்கும் படங்கள் எனக்கு ஆகாது. காசு கொடுத்துத் தலையிடி வாங்குவானேன் என்று நினைக்கிற ஆள் நான். அன்று போனது சங்கீத ரீச்சருக்காக.

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நாலு பெண்கள் நாங்கள். சங்கீதம், விஞ்ஞானம், கணக்கு, தமிழ். தமிழ் ரீச்சர் நான். சங்கீத ரீச்சரின் கணவர் வேலைக்குக் கட்டார் போனபோது காரை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். ரீச்சரும் லைசென்ஸ் எடுத்துவிட்டார். ஆனால் கார் மூக்கை மதிலுக்குக் காட்டியபடி கொட்டகைக்குள்ளேயே நின்றது. வெளியே எடுப்பதென்றால் பின்னுக்கு எடுத்து, கேற்றைத் தாண்டி, ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இறக்க வேண்டும். அதுதான் அவருக்கு வராது. ஓட்டப் பழக்கிய பள்ளியின் காரில், பின்கண்ணாடியில் ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருந்ததாம். நாடா அங்கே நட்டிருந்த கம்பத்தோடு பொருந்தியதும் ஸ்ரியறிங்கை ஒடித்தால் சரி. பரீட்சையிலும் அதே கார், அதே நாடா. சொந்தக் காரில் நாடாவும் இல்லை, ஒழுங்கையில் கம்பமும் இல்லை.

இதற்குள் கணவரின் தம்பி போன் எடுத்தார். "சும்மா நிண்டால் கார் பழுதாப் போகும் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை வந்து நான் கொண்டுபோறன்."

ரீச்சருக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. எங்களிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "அதுக்கு முதல் உங்களை ஒருக்காவாவது ஏத்திக்கொண்டு ஓடவேணும்," என்றார். சனிக்கிழமை காலைக்காட்சி என்று முடிவானது. கார்ப் படமாகப் பார்த்துத் தெரிவு செய்தது கணக்கு ரீச்சரின் குறும்பு.

புறப்படும்போது விஞ்ஞான ரீச்சர் நாலு தேசிக்காய் கொண்டுவந்தார். விஞ்ஞான ரீச்சர்தான், நம்புங்கள். பயபக்தியோடு ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் ஒன்று வைத்தார். கற்பூரமும் கொளுத்தினோம். சங்கீத ரீச்சர் ஏறியிருந்து மதிலைப் பார்த்தார்.

"ஏன் ரீச்சர், நான் இப்ப மதிலுக்குள்ளாலையோ போறது?"

நாலு படித்த பெண்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. தேசிக்காயைச் சில்லுக்குப் பின்னால் மாற்றி வைக்கலாம்தான்; ஆனால் பின்னுக்கு எடுப்பது யார்? கடைசியில், முன்னர் பஸ் ஓட்டிய பக்கத்து வீட்டு ஐயா வந்து காரை ஒழுங்கையில் இறக்கித் தந்தார். அதற்குள் விஞ்ஞான ரீச்சர் தேசிக்காய்களைப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ஓடுற ஆள்தான் நசிக்கவேணும். ஐயா நசிச்சுப் பலனில்லை," என்றார்.

மானிப்பாய் தாண்டுவதற்குள் எங்களை ஒரு உழவு மெஷின் முந்தியது. தியேட்டர் வாசலில் ஒரேயொரு இடம் இருந்தது, அதுவும் மதிலைப் பார்த்து. வேறு வழியின்றி ரீச்சர் மூக்கை அதற்குள் விட்டார்.

படம் காதில் பூச்சுற்றியது. விமானத்திலிருந்து கார் விழுகிறது. கதாநாயகனின் தலைமயிர் கலையவில்லை. மூன்று மாடிக் கட்டடங்களை ஊடறுத்துப் போகிறது. பக்கக் கண்ணாடிகூட உடையவில்லை. "உந்த வேகத்துக்கு ஆள் சந்திரனிலை நிக்கவேணும்," என்று கணக்கு ரீச்சர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கீத ரீச்சரோ ஒவ்வொரு திருப்பத்திலும் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தார். எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

பிறகு கதாநாயகன் ஒரு பாலத்தில் காரை முழு வேகத்தில் பின்னுக்கு ஓட்டினான். ரீச்சர் எழும்பி நின்றுவிட்டார்.

"ஆள் திரும்பியெல்லோ பாக்கிறான்! கண்ணாடியைப் பாக்கேல்லை, முழுசாத் திரும்பிப் பாக்கிறான்!"

பின்வரிசையில் இருந்தவர்கள் இருக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தோம். நாங்கள் மூவரும் காருக்குப் பின்னால் நின்று வழிகாட்டத் தொடங்கினோம். ஒருவர் "வரட்டும் வரட்டும்" என்றார், ஒருவர் "நில்லுங்கோ" என்றார், நான் "இடப்பக்கம்" என்று சொல்லி வலப்பக்கம் கை காட்டினேன். ரீச்சர் கண்ணாடியை இறக்கினார்.

"மூண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஏறுங்கோ."

சங்கீத வகுப்பிலும் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. விஞ்ஞான ரீச்சர் மட்டும் "பொறுங்கோ!" என்று ஓடி, கைப்பையிலிருந்த நாலையும் சில்லுகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து ஏறினார். சங்கீத ரீச்சர் இடக்கையைப் பக்கத்துச் சீற்றின் முதுகில் போட்டு, இடுப்போடு திரும்பி, பின்னால் பார்த்தார். கார் அசைந்தது. சதக், சதக் என்று தேசிக்காய் நசிகிற சத்தம் கேட்டது. ஒரு கீறல் இல்லாமல் றோட்டில் வந்து நின்றோம். வாசலில் நின்ற யாரோ விசிலடித்தார்கள். நாங்கள் சின்னப்பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். அவ்வளவு சந்தோசம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காரைப் பின்பக்கமாகவே கொட்டகைக்குள் விட்டார். மூக்கு இப்போது ஒழுங்கையைப் பார்த்தது.

மறுநாள் நடந்ததைத் திங்கட்கிழமை சொன்னார். காரை ஓட்டிக்கொண்டு போகலாமென்று தம்பி சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாராம். ரீச்சர் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கார்த் திறப்பைத் தானே எடுத்திருக்கிறார்.

"கார் இனிச் சும்மா நிக்காது தம்பி. ஏறுங்கோ, பஸ் ஸ்டாண்டிலை விடுறன்."

இறக்கிவிட்ட பிறகு, முன்னால் றோட்டு வெறுமையாகக் கிடந்தும், தம்பி பார்த்துக்கொண்டிருக்கவே காரைப் பின்னுக்கு எடுத்துத்தான் திருப்பினாராம்.