இடப்பக்கத்திலிருந்து படித்த கதை

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மாதம் குடியிருந்த ஜப்பானியப் பெண்மணி, இருபது வருடமாகப் பதின்வயதுப் பெண்களுக்குப் படக்கதை வரைகிறவர். அவர் வரைகிற மாத இதழோடு ஓர் அட்டை வருமாம். படிக்கிற பெண்கள் பிடித்த கதையை அதில் எழுதி அனுப்புவார்கள். ஓட்டு சரிந்தால் கதை பாதியிலேயே நிற்கும். அவருடையது சரிந்துகொண்டிருந்தது. அடுத்த அத்தியாயமும் தேறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று பத்திரிகை சொல்லிவிட்டது. கதாநாயகியை இந்தியாவுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றுதான் செஞ்சிக்கு வந்தார்.

வந்தவர் எங்கள் ஊர்க் கோட்டை மலையான ராஜகிரியை வரைந்தார். பாறை, பாறையின் வெடிப்பு, வெடிப்பில் வெயில். எழுத உட்கார்ந்தால் ஒரு வரியில் நிற்காமல் அடுத்ததற்குத் தாவுகிறவள் நான். ஒரே பாறையோடு காலை முழுக்க இருப்பவரைப் பார்த்து எனக்கு மூச்சு வாங்கியது. பென்சிலில் போட்ட முன்வரைவு பத்திரிகை ஆசிரியருக்குப் போனது. உடனே பதில்: கல் நன்றாக இருக்கிறது, பெண் எங்கே?

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களால் பஸ் ஸ்டாண்டு பொங்கும், பெண்களைப் பார்க்கலாம் வாருங்கள் என்று நானும் மகளும் அவரை இழுத்துக்கொண்டு போனோம்.

பஸ் நிற்பதற்குள் ஒரு பெண் ஜன்னல் வழியே பையை வீசி இடம் பிடித்தாள்.

"யார்துடி இந்தப் பை? தூக்கிக் கடாசட்டுமா?" என்றாள் முண்டியடித்து ஏறிய ஓர் அம்மாள்.

"ஆள் வருதுக்கா, ஆள் வருது!"

"உன் ஆள் வர்றதுக்குள்ள அமாவாசையே முடிஞ்சிடும்."

தோழி ஓடிவந்து ஏறினாள். "பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரியா?" என்று எங்கள் விருந்தாளி ஆங்கிலத்தில் கேட்டார். அப்படித்தான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

சாயங்காலமே புது முன்வரைவைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினார். இரண்டு தோழிகள் சண்டை போடுகிறார்கள். ஒருத்தி பஸ்ஸில் பை போடுகிறாள். மற்றவள் ஏற, இருவரும் ஒட்டி உட்காருகிறார்கள். ஜப்பானில் வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகப் படிப்பார்கள், தாள்களும் அப்படியே கிடந்தன. பத்தாவது படிக்கிற என் மகள் நம் வழக்கப்படி இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா இது! சேந்துதான குந்தினு இருந்தாங்க? அப்பறம் இவ பை போட்டு வெக்கிறா, அவ ஏறாம சண்ட போட்டுட்டு போறா. பாவம்மா."

சிரித்துவிட்டேன். "தலகீழா படிச்சிட்ட. சண்ட மொதல்லடி."

"போம்மா. ஒட்டிக்கினாங்க, கத முடிஞ்சிச்சி, அதுல இன்னா இருக்குது? என்து மாரி இருந்தாதான் அப்பறம் இன்னா ஆச்சின்னு கேப்பேன்."

எங்களுக்குள் என்ன வாக்குவாதம் என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இடப்பக்கம் வந்து நின்று, தன் கதையை எங்களைப் போலப் படித்தார். பிறகு தாள்களைத் தானே இடம் மாற்றினார். கடைசிப் பக்கத்தைப் புதிதாக வரைந்தார்: பஸ் நகர்கிறது, ஸீட்டில் பை மட்டும். ராஜகிரி ஜன்னலுக்கு வெளியே ஒற்றைக் கோடாகிவிட்டது. அவ்வளவு பாடுபட்டு வரைந்த பாறைகளை அவர் அப்படி விட்டுக்கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்ததே, அதற்கு நான் யாரைக் கும்பிடுவது!

இதழ் வெளிவந்து சில வாரங்கள் கழித்து, ஜப்பானிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். ஓட்டு ஏறியிருக்கிறது, கதையைத் தொடரச் சொல்லிவிட்டார்கள் என்றார். விரலெல்லாம் மை. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு பஸ் ஏறுவாளா மாட்டாளா, கேளும்மா!"

கேட்டேன். "எனக்கே தெரியவில்லை" என்றார். "தெரியாமல் வரைந்து எத்தனையோ வருடமாகிறது. உங்கள் மகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். சீக்கிரம் வரைய சொல்லு."